‘கிளாக்’ என்னும் சொல்லின் வரலாறு

கந்தோரிலே கோப்புக்களோடு பணிபுரிபவரைக் கிளாக்கர் என்று அழைப்பது நம் வழக்கு. ‘கிளாக்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு மரியாதை விகுதி சேர்ந்து அமைந்ததே இவ்வழைப்பு. இச்சொல் ஒரு காலத்தில் மனிதனின் உயிரையே காத்ததென்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

இதன் வேர் கிரேக்க மொழியிலுள்ளது. ‘கிளேரொஸ்’ என்றால் திருவுளச்சீட்டு. அதனாற் கிடைக்கும் பங்கு எனவும் பொருள்படும். இதிலிருந்து தோன்றிய ‘கிளேரிக்கஸ்’ என்னும் இலத்தீன் சொல் கிறித்தவக் குருமாரைக் குறித்தது. ஆங்கிலத்திலும் முதலில் குருவானவரே கிளாக். இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்க அறிந்தோர் பெரும்பாலும் குருமாராதலின், அரச கட்டளைகளை வரையவும் கணக்கெழுதவும் அவர்களையே நாடவேண்டியிருந்தது. எனவே குரு என்ற பொருள் கற்றவர் என விரிந்தது. 14ஆம் நூற்றாண்டிலே சோசர் இயற்றிய ‘கன்ரபரிக் கதைகள்’ என்ற நூலில் வரும் ஒக்ஸ்போட் கிளாக், நல்லுடையினும் நூல்களையே பெரிதாக விரும்பும் ஏழை மாணவர்.

இங்கிலாந்தின் சட்டம் இச்சொல்லுக்குத் தனி வலிமையளித்தது. குற்றஞ்செய்த குருவை அரச நீதிமன்றம் தண்டியாது, திருச்சபையின் மன்றத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர் குரு என்பதற்கு வாசிப்பே சான்று. காலப்போக்கில், 51ஆம் சங்கீதத்தின் முதலடியை வாசிக்க வல்ல எவரும் பல குற்றங்களுக்குரிய மரணதண்டனையிலிருந்து தப்பலாம் என்றாயிற்று. குருவல்லாதவருக்கு இச்சலுகை ஒருமுறையே உண்டென 1489ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்து, பெருவிரலிற் சூடிடவும் விதித்தது. நாடகாசிரியர் பென் ஜோன்சன் 1598இல் வாட்போரில் ஒரு நடிகரைக் கொன்றபோது இவ்வழியாலேயே உயிர் தப்பினார். எழுத்தறியாதவனுக்கோ அதே குற்றம் தூக்குமேடையில் முடிந்தது. வாசிப்புச் சோதனை 1706இலும், சலுகை 1827இலும் ஒழிந்தன.

கல்வி பரவப் பரவக் கிளாக்கின் மதிப்புக் குறைந்தது. 1843இல் வெளிவந்த டிக்கன்ஸின் நத்தார்க் கதையிலே பொப் கிராட்சிற் என்னும் கிளாக், குளிர்ந்த அறையிலிருந்து வாரம் 15 சிலிங்குக்குப் பிரதி எழுதுகிறார். அமெரிக்காவிலே கடையில் விற்பனை செய்பவரும் கிளாக் ஆனார். எனினும், பிரித்தானிய மக்கள் சபையின் தலைமை அலுவலர் இன்றும் கிளாக் என்ற பெயரையே தாங்குகிறார்.

தாழ்ந்த பொருளிலேயே இச்சொல் இலங்கையில் வேரூன்றியது. 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின் ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்தின் வாயிலாயிற்று. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கொழும்புக்கும், பின்னர் மலாயாவுக்கும் கிளாக்கராகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் தம்பி தங்கையரைப் படிப்பித்தது. ‘எழுதுவினைஞர்’ என்ற அழகிய தமிழ்ப் பெயரும் அப்பதவிக்கு அமைந்தது. ஆயினும், “வெறும் கிளாக்” என இகழ்வாரும் இருந்தனர்.

எழுத்துச் சிலருக்கே உரியதாயிருந்தபோது கிளாக் உயர்ந்தார். பலருக்கும் பொதுவானபோது தாழ்ந்தார். ஆகவே, இச்சொல்லின் தாழ்வு எழுத்தின் தாழ்வன்று. எழுத்தறிவு பரவியதன் அடையாளமேயாம். வாசிக்கத் தெரிந்தவன் வாழ, தெரியாதவன் மாண்ட காலத்துப் பெருமை எவருக்கும் வேண்டியதன்று.