எல்லீசன் புனைந்த அம்மைக் கதை

என் அம்மாவின் இடது மேற்கையில் பழைய காலணா அளவில் இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. என் கையில் அவை இல்லை. நான் பிறந்த காலத்தில் பெரியம்மை ஒழிந்து, அதற்கான தடுப்பூசியும் தேவையற்றதாகிவிட்டிருந்தது. ஒரு தலைமுறை இடைவெளியில் ஒரு பெருநோய் உடலில் இருந்து மறைந்து மொழியில் மட்டும் தங்கிவிட்டது என்பதை அத்தழும்புகளைக் காணும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

அந்த எண்ணத்தை அண்மையில் புதுப்பித்தவர் எங்கள் துறை மாணவி ஒருவர். அம்மைப் பாடல்களைப் பற்றிய தம் கட்டுரையில், எட்வர்ட் ஜென்னருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தன்வந்திரி தடுப்பூசி முறையைச் சொல்லிவைத்தார் என்று எழுதியிருந்தார். பசுவின் மடியில் தோன்றும் கொப்புளத்து நீரைக் கத்தி முனையில் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் இடையே கீறிக் குருதியுடன் கலக்கவேண்டும் என்பது அவர் காட்டிய வடமொழிச் சான்றின் சாரம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியில் வந்தது என்றார். அந்தச் செய்தியின் வேரைத் தேடிப் போன இடத்தில் நான் எதிர்பாராத ஒருவரைச் சந்தித்தேன். தமிழ் படித்தவர்கள் நன்றியோடு நினைக்கும் எல்லீசன் என்னும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அவர்.

நிகழ்ந்ததை வரிசையாகப் பார்ப்போம். ஜென்னர் தம் நூலை 1798இல் வெளியிட்டார். பசுவம்மை கண்டவருக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற பால்காரப் பெண்களின் அனுபவ அறிவை அவர் சோதித்து நிறுவியிருந்தார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தையான அன்னா டஸ்ட்ஹாலுக்கு இந்தியாவின் முதல் அம்மைக் குத்து போடப்பட்டது. அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்தது. வெப்ப நாட்டில் கொப்புளநீர் விரைவில் கெட்டுவிடும். ஆகவே ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தில் இருந்து எடுத்து அடுத்த குழந்தையின் கையில் இடுவது அக்கால வழக்கம். குழந்தைகளே மருந்தைச் சுமந்து செல்லும் கலங்களாயினர்.

மக்கள் தயங்கியதில் வியப்பில்லை. யார் வீட்டுப் பிள்ளையின் கையில் ஊறிய நீர் என் பிள்ளையின் குருதியில் கலக்கிறது என்ற கேள்வி சாதியால் கட்டப்பட்ட ஊரில் எழாமல் இராது. மேலும் அம்மை என்பது நம்மவர்க்கு வெறும் நோயன்று, தாயின் வருகை. கொப்புளத்தை முத்து என்றும் நோய் தணிவதை ஆத்தா இறங்கினாள் என்றும் சொல்லும் மரபு நம்முடையது. வாசலில் வேப்பிலை செருகுவது வழிபாடு மட்டுமன்று, அயலார் உள்ளே வரவேண்டாம் என்ற அறிவிப்பும்கூட. தாளிதம் கூடாது, வெளியூர்ப் பயணம் கூடாது, தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை நோயாளியைத் தனியே வைக்கவேண்டும் என்ற விதிகளில் தலைமுறைகள் சேர்த்த அறிவு இருந்தது. ஆனால் அந்த அறிவு அடுத்த குழந்தையைக் காப்பதற்குப் போதுமானதாக இல்லை. பெரியம்மையின் கடுமையான வகை, கண்டவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர் பலர் கண்ணை இழந்தனர்.

இந்நிலையில்தான் எல்லீசன் எழுதத் துணிந்தார். சென்னையின் ஆட்சியராகப் பணியாற்றியவர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவுரை எழுதியவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே, கால்டுவெல்லின் நூலுக்கு 40 ஆண்டுகள் முன்பாக, எடுத்துக்காட்டியவர். பசுவம்மையைப் பற்றி அவர் தமிழில் ஒரு கதை எழுதினார். அதில் சக்தியும் தன்வந்திரியும் உரையாடுகிறார்கள். பசு தரும் ஐந்து பொருள்களை நாம் பஞ்சகவ்வியம் என்று புனிதமாகக் கொள்கிறோம் அல்லவா, அவ்வரிசையில் பசுவம்மையும் அன்னையின் அருட்கொடையாக வைக்கப்படுகிறது. வடமொழியிலும் அவர் ஒரு செய்யுள் இயற்றியதாகவும், அது பழைய தாளில் எழுதப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட சுவடியைப்போல் காட்டப்பட்டதாகவும் 19ஆம் நூற்றாண்டு மருத்துவ எழுத்துகளில் குறிப்பு உண்டு.

1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் கல்வி விரும்பன் என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரி பெயரிலான ஒரு நூலைச் சுட்டி, பசுவம்மைக் குத்து இந்நாட்டின் பழைய அறிவே என்று அது வாதிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் எல்லீசன் இராமநாதபுரத்தில் காலமானார். கடிதமோ நெடுநாள் வாழ்ந்தது. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அதை எடுத்தாண்டன. அவற்றை நம்மவர் எடுத்தாண்டனர். 1987இல் டொமினிக் வுஜாஸ்டிக் என்னும் ஆய்வாளர் இந்தக் கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றுக்குப் பழைய மருத்துவ நூல்களில் ஆதாரம் இல்லை என்று காட்டினார். எனினும் இன்றும் அச்செய்யுள் ஒரு கைப்பேசியில் இருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் மாணவியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் நல்லதுக்குத்தானே ஐயா பொய் சொன்னார்?" என்று கேட்டார்.

எளிய கேள்வியன்று. எல்லீசன் கற்ற வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் பொய்க்கும் ஓர் இடம் தருகிறார். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார்: விளையும் நன்மை குற்றம் அற்றதாக இருக்கவேண்டும். அந்த நிபந்தனையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரு குழந்தையாவது அந்தக் கதையால் பிழைத்திருந்தால் அதைப் பழிக்க எனக்கு நா எழாது. ஆயினும் அந்தப் பொய் தன் வேலை முடிந்ததும் கரைந்துபோகவில்லை. மருந்தை ஏற்கச்செய்யப் புனைந்தது, நாளடைவில் ஆராயாமல் பெருமை கொள்வதற்கான சான்றாகிவிட்டது. அதனினும் பெரிய குறை ஒன்று அதன் அடியில் இருக்கிறது. சாத்திரம் சொன்னால்தான் இம்மக்கள் கேட்பார்கள் என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. மக்களிடம் அது கேட்கவே இல்லை.

என் அப்பத்தாவிடம் கேட்டிருந்தால் வேறு காரணங்கள் கிடைத்திருக்கும். 1960 வாக்கில் சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் அவர் தம் மகளை நெற்குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டார். வட்டக் கருவியைத் தோலில் வைத்துத் திருகுவார்கள்; புண் சீழ் பிடிக்கும்; காய்ச்சல் அடிக்கும்; பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்தால் அந்த வாரக் கூலி போய்விடும். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்ற அச்சமும் உண்டு. ஆனால் அது கடைசிக் காரணம் என்றே அம்மா சொல்வார்.

அந்த மனிதர் மூன்றாம் முறை வந்தபோது பையைத் திறக்கவில்லையாம். திண்ணையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஆத்தாவுக்குப் பொங்கல் வைங்க, வேண்டாம்னு சொல்லல. புண்ணு வரும், காய்ச்சலும் வரும். எட்டாம் நாள் நானே வந்து பாக்குறேன்" என்றாராம். சொன்னபடியே எட்டாம் நாள் வந்து பார்த்திருக்கிறார். அப்பத்தா கடைசிவரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. தம் அடுத்த பிள்ளைகளை ஒளிக்கவும் இல்லை.

1962இல் தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வெப்பத்தைத் தாங்கும் உறை உலர் மருந்தும், திருகாமல் மெல்லக் குத்தும் இருமுனை ஊசியும் வந்தன. எழுபதுகளில் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று நோய் கண்டவரைத் தேடி, அவரைச் சுற்றியிருந்தோருக்கு ஊசியிட்டனர். இந்திய மண்ணில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். 1980இல் உலகமே விடுபட்டது. அறிவியலின் வெற்றிதான் இது. அந்த அறிவியலை எத்தனையோ திண்ணைகளுக்குக் கொண்டுசேர்த்த நடையையும் அதில் சேர்த்துக் கணக்கிடவேண்டும். 2021இல் கொரோனாத் தடுப்பூசியைச் சுற்றி வதந்திகள் பரவியபோதும் மக்களுக்குத் தேவைப்பட்டது பழம்பெருமைச் செய்யுள் அன்று. காய்ச்சல் வருமா என்ற கேள்விக்கு நேரான விடையே.

எல்லீசன் மீது எனக்கிருந்த மதிப்பு குறைந்துவிடவில்லை. பஞ்ச காலத்தில் சென்னையில் கிணறுகள் வெட்டி, கல்வெட்டில் குறளைப் பொறித்தவரின் கை அது. அந்தக் கை பழைய தாளைத் தேடாமல் தன் பெயரிலேயே அக்கதையைத் தந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. மாணவி தம் கட்டுரையைத் திருத்தி எழுதினார். தன்வந்திரி பற்றிய பத்தி அதில் இல்லை. அதற்குப் பதிலாக, தம் பாட்டியிடம் கையைக் காட்டச் சொல்லிக் கேட்டு எழுதிய இரண்டு பக்கங்கள் இருந்தன.