சிடியில் ஆண்ட்ராய்டு, எமுலேட்டரில் பாம்

பழைய கையடக்கக் கருவிகளின் இயங்குதளத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. சிடியைப் போட்டுக் கம்ப்யூட்டரையே அதில் பூட் செய்யலாம். அல்லது விண்டோஸுக்குள் எமுலேட்டரைத் திறக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு இரண்டும் வாய்த்தன. பாம் ஓஎஸ்ஸுக்கு எமுலேட்டர்தான்.

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். மூல நிரலும் திறந்தது. அதனால்தான் 2009இல் தொடங்கிய ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 திட்டத்தில், தைவானைச் சேர்ந்த சி-வெய் ஹுவாங் முன்னின்று, போன் சிப்புக்கான ஆண்ட்ராய்டை இன்டெல் சிப்புக்கு மாற்றி ஐஎஸ்ஓ கோப்பாக வெளியிட முடிந்தது. அதற்கு கூகுளின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1996இல் வந்த பாம் பைலட் அப்படியல்ல. மோட்டோரோலாவின் டிராகன்பால் சிப்போடு பிணைந்தது அதன் இயங்குதளம். அந்த இயங்குதளத்தை அடக்கிய ரோம் கோப்போ நிறுவனத்தின் சொத்து. கிரெக் ஹியூகில் எழுதிய கோபைலட்டிலிருந்து வளர்ந்த எமுலேட்டருக்கும் அந்த ரோம் வேண்டும். முறையாகப் பெற, அன்று பாம் நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருந்தது, இல்லையேல் சொந்தக் கருவியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

சிடியை ஓட்டிப் பார்க்கப் பழைய லேப்டாப் ஒன்று தேவைப்பட்டது. ஹைதராபாத் மெட்ரோவில் மெட்டுகுடாவிலிருந்து மூன்றாவது நிலையம் பாரடைஸ். அங்கிருந்து பக்கம்தான் செனாய் டிரேட் சென்டர். ஊருக்கெல்லாம் அது சி.டி.சி. சிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப்பை இன்னும் தேடிப் பிடிக்க முடிகிற இடம் அது. அப்படி வாங்கிய ஒன்றில் ஆண்ட்ராய்டு 2.2 சிடியைப் போட்டேன். மெனுவின் முதல் வரியைத் தேர்ந்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஆண்ட்ராய்டு எழுந்து வருகிறது. மவுஸின் வலது பொத்தான் ‘பேக்’. நிமிர்ந்த திரைக்கென்றே எழுதிய ஆப்பைத் திறந்தால் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. கழுத்தை வளைத்துப் படிக்க வேண்டும். கணினியை அணைத்தால் செய்தவை அனைத்தும் போய்விடும், எல்லாம் ரேமில் இருந்தவைதான்.

தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். வரிசை வரிசையாகக் கட்டங்கள். அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த தமிழர்கள் எத்தனை பேர் ஓபரா மினியின் ரகசிய அமைப்புப் பக்கத்தில் பிட்மேப் எழுத்துரு வசதியை இயக்கித் தமிழ் படித்தார்கள்! அந்தச் சிரமத்தை அப்படியே காட்டுகிறது இந்தச் சிடி. வரலாற்றுச் சான்றாக எனக்கு அது பெரிது.

ஆனால் கருவியைக் கையில் பிடித்த உணர்வுக்குப் பாமின் எமுலேட்டர்தான் உண்மையாக இருக்கிறது. 160க்கு 160 புள்ளித் திரை, கிராஃபிட்டி முறையில் கையால் எழுதும் இடம், கீழே நான்கு பொத்தான்கள் என்று எல்லாம் அதனதன் இடத்தில். 2022இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் பாம் செயலிகளைப் பிரவுசரிலேயே ஓடவிட்டது. ரோம் தேடும் வேலையும் பயனருக்குக் குறைந்தது.

சிடிக்கு வயதாகிறது. பழைய கெர்னலுக்குப் புதிய லேப்டாப்பின் வைஃபையும் கிராஃபிக்ஸும் தெரியாது. எனவே அந்த ஐஎஸ்ஓவையும் இப்போது பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸில்தான் ஏற்றுகிறார்கள். மேலும், ஏஆர்எம் சிப்புக்கென்றே தொகுத்த நிரலுள்ள ஆப்கள் அந்தப் பழைய பதிப்பில் ஓடாது. சிடியில் இருப்பது இயங்குதளமும் அதனோடு வரும் ஆப்களும் மட்டும்; மற்ற ஆப்களை நாம்தான் சேர்க்க வேண்டும். பழைய போனைக் காயலான் கடையில் போடுமுன் அதிலுள்ள ஆப்களின் ஏபிகே கோப்புகளை எடுத்து வையுங்கள். போன் இன்னும் ஓடுகிறதென்றால் அதைப் போடவே வேண்டாம்.