ஒரு பின்னல் கயிறு வாங்கிய கெட்ட பெயர்

1920களில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்துச் சாரணச் சிறுவர்களுக்கு ஒரு கைவேலை பிடித்திருந்தது. மெல்லிய தோல் வார்களை மாற்றி மாற்றி மடித்து, இழுத்து இறுக்கிக் கயிறாகப் பின்ன வேண்டும். பின்னியதைத் தொப்பியில் சுற்றலாம், கழுத்துத் துணியில் கோக்கலாம். அந்தக் கயிற்றுக்குச் சாரண ஆசிரியர் ராபர்ட் லிங்க் ஒரு பெயர் வைத்தார்: பூன்டாகிள். அர்த்தம் ஒன்றும் கிடையாது; சொல்ல வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். அது கடல் தாண்டும் என்று யார் கண்டது?

1929இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் அருகே ஆரோ பார்க்கில் உலகச் சாரணர் பெருவிழாவான ஜம்போரி நடந்தது. மழை கொட்டி மைதானமே சேறாகிக் கிடந்தது. அங்கே வேல்ஸ் இளவரசருக்கு ஒரு பூன்டாகிள் பரிசாகப் போனது. அவரும் அணிந்துகொண்டார். இப்படியொரு சொல் கிடைத்தால் 'பஞ்ச்' நகைச்சுவை இதழ் விடுமா? அதையும் எழுதியது. விழா முடிந்ததும் சொல்லும் மறந்துபோயிருக்கும். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது.

1933க்குள் அமெரிக்காவில் வேலை செய்யத் தயாராக இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. சும்மா பணம் கொடுப்பதைவிட வேலை கொடுத்துக் கூலி தருவோம் என்றது அரசு. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்களுக்குச் சாலை வேலை இருந்தது. ஆசிரியர்களும் கலைஞர்களும் என்ன செய்வார்கள்? மற்ற வேலையற்றவர்களுக்கு நடனமும் கைவினையும் கற்றுத்தரும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. அந்தச் செலவுக் கணக்கை நியூயார்க் நகர மன்ற உறுப்பினர்கள் குடைய ஆரம்பித்தார்கள்.

1935 ஏப்ரல் விசாரணையில் கைவினை ஆசிரியர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். தோல் வேலை, கயிறு வேலை என்று அடுக்கிக்கொண்டே போனவர், பூன்டாகிளும் சொல்லித்தருவதாகச் சொன்னார். அது என்ன என்று கேட்டார்கள். அந்தக் காலக் குடியேறிகள் செய்த சில்லறைச் சாமான்களுக்கு அதுதான் பெயர் என்றார். பத்து வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ, அந்தச் சொல்லுக்கு நூறாண்டு வம்சாவளி கிடைத்துவிட்டது! ஏப்ரல் 4 அன்று நியூயார்க் டைம்ஸ் தலைப்பு போட்டது: வேலையற்றவர்களுக்கு விளையாடச் சொல்லிக்கொடுக்க 31,87,000 டாலர் செலவாம். அதன் கீழேயே பூன்டாகிளும் நின்றது.

எதிர்க்கட்சிக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டம் எதுவானாலும் பூன்டாகிள் என்றார்கள். மக்கள் பணத்தில் நடக்கும் வெட்டி வேலை, தண்டச் செலவு என்று பொருள். சாரணர் கயிறு போன இடம் தெரியவில்லை. ரூஸ்வெல்ட் சும்மா இருப்பாரா?

1936 ஜனவரியில் நியூவர்க் நகரில் பேசும்போது அந்த வசவைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். பூன்டாகிள் செய்தே பொருளாதார மந்தத்திலிருந்து நாடு மீண்டுவிட்டால், அந்தச் சொல் அமெரிக்க மக்கள் நெஞ்சில் நெடுங்காலம் கோயில் கொள்ளும் என்றார். டபிள்யூ.பி.ஏ. என்ற அவருடைய வேலைவாய்ப்புத் திட்டம் 1943இல் மூடப்படுவதற்குள் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையம் அந்தக் கைகள் எழுப்பியதுதான். விமானங்கள் இன்றும் அங்கே இறங்குகின்றன. வாஷிங்டனில் எந்தக் கட்சி ஆண்டாலும், அதன் திட்டங்களை எதிர்க்கட்சி பூன்டாகிள் என்றே வைகிறது.