கல்லில் கண்ட கை

திருப்பூர் மண்ணரையில் பனியன் தைக்கும் கூடம் ஒன்றினுள் சென்றால், தையற்காரரின் கையைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். ஓடுகின்ற ஊசிக்கு அருகே துணியின் விளிம்பைக் கட்டை விரலும் சுட்டு விரலும் பற்றியிருக்கின்றன. பிடி இறுகினால் துணி இழுபடும். தளர்ந்தால் தையல் கோணும். இத்துணை நுண்மையான பிடி மனிதனுக்கு எவ்வாறு வாய்த்தது? சிம்பன்சிக்கும் கையில் ஐந்து விரல்கள் உண்டு. ஆயினும் அவ்விரல்கள் கிளையைப் பற்றித் தொங்குவதற்கேற்ப நீண்டு வளைந்தவை. கட்டை விரலோ குட்டையானது. விரல் நுனிகளுக்கு இடையே ஒரு பொருளை வலிமையாக அழுத்திப் பிடிப்பது அதற்கு அரிது.

மேலே செல்லுமுன் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். "குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான்" என்று விடைத்தாளில் எழுதப்பட்ட தொடரைச் சிவப்பு மையால் எத்தனை முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இன்றுள்ள சிம்பன்சி நமக்குப் பாட்டன் அன்று, பங்காளி. ஏறத்தாழ 60 அல்லது 70 இலட்சம் ஆண்டுகட்கு முன் இரு கிளைக்கும் பொதுவான முன்னோர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தனர். கிளைகள் பிரிந்தபின் நம் கிளையில் மூளை பெருத்தது நெடுங்காலம் கழித்தே. முதலில் மாறியது நடை. தான்சானியாவின் லேட்டோலி என்னுமிடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய காலடித் தடங்களை 1978-இல் மேரி லீக்கியின் குழுவினர் கண்டனர். ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகட்கு முன் இரு காலால் நடந்தோர் விட்டுச்சென்ற சுவடுகள் அவை. எத்தியோப்பியாவில் 1974-இல் கிடைத்த 'லூசி' என்னும் பெண்ணின் எலும்புகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடப்பதற்கு ஏற்றவை. அவள் இனத்தாரின் மூளையோ சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது. கால்கள் உடலின் சுமையை ஏற்றுக்கொண்டமையால் கைகள் வேறு பணிக்கு விடுதலை பெற்றன.

அப்பணி யாது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூசு ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். வழிப்போக்கர் காலால் எற்றிவிட்டுப் போகத்தக்க கல்தான் அது. அதில் மனிதக் கை பட்டிருக்கிறது என்பதை அவர் கண் கண்டுகொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை அடைந்து, அங்கும் அத்தகைய கைக்கோடரிகளைக் கண்டனர்.

அவற்றின் வயதை அறிய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தனர். நிலத்தின்மேல் கிடக்கும் கல்லில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தாக்குவதால் ஒரு வகை அலுமினியமும் ஒரு வகைப் பெரிலியமும் நுண்ணளவில் உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்ததும் அவ்வாக்கம் நின்றுவிடும். முன்பு உண்டான இரண்டும் வெவ்வேறு வேகத்தில் அழியத் தொடங்கும். எஞ்சியிருக்கும் அளவுகளை ஒப்பிட்டால் கல் புதைந்த காலம் புலப்படும். இவ்வாறு 2011-இல் வெளியிடப்பட்ட முடிவு, அக்கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்பது. குறைந்த அளவாகக் கொண்டாலும் பத்து இலட்சத்துக்குக் கீழே வராது.

ஆனால் அவற்றைச் செய்தவனின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்கள் மூன்று மட்டும் கிடைத்தன. குளம்புத் தடங்கள் சிலவும் தெரிந்தன. எனவே அவன் உடலை அறியக் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே 1984-இல் ஒரு சிறுவனின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. அவன் வாழ்ந்த காலமும் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டதே. நீண்ட கால்கள், நம்முடையதை ஒத்த உடலமைப்பு. மூளை மட்டும் சற்றொப்ப 880 கன செண்டிமீட்டர். நம் மூளை சராசரி 1,350. அந்நாட்டிலேயே 14 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய உள்ளங்கை எலும்பு ஒன்றும் கிடைத்தது. நடுவிரலின் அடியில் உள்ள அவ்வெலும்பில், மணிக்கட்டோடு பொருந்தி, அழுத்தம் தாங்கும் சிறு முனை ஒன்று உள்ளது. நம் கையிலும் அது உண்டு, சிம்பன்சிக்கு இல்லை. அத்தகைய கை படைத்தோர் ஆப்பிரிக்காவில் செய்த கைக்கோடரியின் வகையே அத்திரம்பாக்கத்திலும் கிடைக்கிறது. ஆதலின் நம் ஊர்க் கல் தச்சனும் அவ்வுடல் வாய்ந்தவனாயிருத்தல் கூடும் என்பது அனுமானம். செருப்பைக் கொண்டு காலை அளப்பது போன்றது இது. பெரும்பாலும் பொருந்தும், ஆயினும் கால் அன்று.

அக்கல்லே வேறொன்றையும் உரைக்கிறது. பெரிய சில்லுகள் வேறிடத்தில் பெயர்க்கப்பட்டு அத்திரம்பாக்கத்துக்குச் சுமந்து வரப்பட்டவை. சுமப்பதற்குக் கை ஓய்ந்திருக்க வேண்டும். நாளைய தேவையை இன்றே எண்ணும் மூளையும் வேண்டும்.

இந்தியாவில் அப்பழங்காலத்து மனிதத் தலை என்று சொல்லத்தக்கது ஒன்றே. 1982 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தில் நருமதைக் கரையிலுள்ள ஹத்நோராவில் அருண் சோனாகியா கண்டெடுத்த மண்டை ஓடு அது. வலப்பாதியே பெரிதும் எஞ்சியது. முகமும் பல்லும் இல்லை. மூளையின் அளவை 1,155 முதல் 1,421 கன செண்டிமீட்டர் வரை கணித்துள்ளனர். சோனாகியா அதனை 'ஹோமோ எரக்டசு' இனத்தில் சேர்த்தார். பின்வந்தோர் சிலர் நம் இனத்தின் தொன்மையான வடிவம் என்றனர். எதிலும் முழுமையாக அடங்காத தலை! என் கருத்தில் அதன் பெருமையே அதுதான்.

அத்திரம்பாக்கத்து மேலடுக்குகளில் கைக்கோடரி குறைந்து, கருக்கல்லை முன்னதாகவே செதுக்கி ஆயத்தம் செய்து, வேண்டிய வடிவில் சில்லைப் பெயர்க்கும் புதுமுறை தோன்றுகிறது. அதன் வயது ஏறத்தாழ 3,85,000 ஆண்டு என 2018-இல் அறிவித்தனர். இம்முறையை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தார் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகட்கு முன்பே இங்குக் கொணர்ந்தனர் என்று சிலர் கருதியிருந்தனர். இப்புதிய எண் அக்கருத்தை ஆட்டங்காணச் செய்துவிட்டது. அக்கற்களைச் செதுக்கியோர் எம்முகத்தினர் என்பதற்கு விடை தர ஓர் எலும்பு இன்னும் மண்ணிலிருந்து வெளிப்படவில்லை.

ஃபூட் திரட்டிய கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. எழும்பூர் செல்லும் மாணவர், கண்ணாடிக்கு அப்பால் உள்ள ஒரு கைக்கோடரியின் முன் நின்று, வலக்கையை விரித்து அதனைப் பிடிப்பதுபோல் மடக்கிப் பார்க்கலாம். பருத்த அடிப்பகுதி உள்ளங்கைக்கும், மெலிந்த ஓரம் கட்டை விரலுக்கு எதிர்ப்புறத்துக்குமாக அமைந்திருப்பது அப்போது தெரியவரும்.