மூன்றரைக் கட்டை கிடையாது

கடலாடிப் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் சுவர்களுக்கு வண்ணம் வந்துவிடும். அம்மன் கோவில் பொங்கல், முளைப்பாரி, கிடாவெட்டு. அதையொட்டி இரவில் ‘வள்ளி திருமணம்’ நாடகம். சுவரொட்டியில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன் என்று பெரிய பெரிய முகங்கள். கீழே ஒரு மூலையில் தபால்தலை அளவில் இன்னொரு முகம் இருக்கும். ஆர்மோனியம் வாசிப்பவர். பெயருக்கு முன்னால் ‘ஆர்மோனியச் சக்கரவர்த்தி’ என்றோ அதற்குக் குறையாமலோ ஒரு பட்டம். முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகும் வழியெல்லாம் பனைகளுக்கும் சீமைக்கருவேலங்காட்டுக்கும் நடுவே இந்தச் சக்கரவர்த்திகளின் ஆட்சிதான்.

அப்படி ஒரு நாடகத்துக்குப் போயிருந்தேன். பாத்திரங்கள் வாதிட்டுக்கொள்ளும் தர்க்கம் சூடு பிடிக்க இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் போர்வைக்குள் குறுகி உட்கார்ந்திருந்த பெரியவரிடம், ஆர்மோனியப் பெட்டி வராத காலத்தில் இதை எப்படி நடத்தியிருப்பார்கள் என்று கேட்டேன். “பெட்டி இல்லாம வள்ளி திருமணமா? முருகன் வள்ளியக் கூட்டிட்டு ஓடுன அன்னைக்கே பெட்டி இருந்துச்சு தம்பி” என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. மேடையில் இருந்த பெட்டியின் முன்பலகையில் ஆங்கில எழுத்துகள் பாதி தேய்ந்து கிடந்தன. அதை அவரிடம் சுட்டிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெட்டி பிறந்தது பாரிஸில். அலெக்சாந்தர் தெபைன் என்ற கருவிக் கலைஞர் 1840களின் தொடக்கத்தில் அதற்கு உரிமம் வாங்கினார். வரிசையாகப் பித்தளை நாக்குகள், அவற்றை அதிரவைக்கக் காற்று, காற்றுக்குத் துருத்தி, துருத்தியை மிதிக்க இரண்டு கால்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டிய, மேசை அளவு மரச்சாமான் அது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறு தேவாலயங்கள் அதை வாங்கின. கப்பலேறி வெப்ப நாட்டுக்கு வந்த பியானோ, உப்புக்காற்றிலும் ஈரத்திலும் சுருதி கலைந்துபோகும். பித்தளை நாக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. அதனால் பாதிரிமார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் அதைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

இங்கே வந்ததும் அதன் காலை வெட்டினோம். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷின் துவார்கின் நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வேலை இது. மிதிப்பலகைகள் போயின. துருத்தி பின்பக்கம் ஏறி இடக்கைக்கு வந்தது. வாசிக்க வலக்கை மட்டும் மிச்சம். இரண்டு கையாலும் பல சுரங்களைச் சேர்த்தடிப்பது ஐரோப்பிய இசைக்கு உயிர். ஒற்றை வரியாக வளைந்து போகும் நம் ராகத்துக்கு அது தேவைப்படவில்லை. இப்போது தரையில் சம்மணமிட்டு வாசிக்கலாம். கைப்பிடி போட்டுத் தூக்கலாம். மாட்டுவண்டியிலும் ஏற்றலாம். போன நூற்றாண்டில் அதன் நாக்குகளைக்கூட குஜராத்தின் பாலிதானாவில் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பிறந்த மண்ணில் அது ஏறக்குறைய காட்சிச்சாலைப் பொருளாகிவிட்டது.

தெற்கே அதைப் பரப்பியதில் நாடகக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் திரைச்சீலையும் இந்துஸ்தானி மெட்டுமாகச் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்துபோயின. தமிழ் மேடை அந்த மெட்டுகளை வாரி எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில், 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், வெண்பாவும் விருத்தமும் தெரிந்த புலவராக நாடகத்துக்குள் வந்தார். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். புராணக் கதையை எடுத்தார். யாப்புப் பிசகாமல் எழுதினார். பார்சி மெட்டில் கோத்தார். பிரெஞ்சுக்காரன் பெட்டியில் பாடவைத்தார். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவர் மாணவர் தி.க. சண்முகம் எழுதியிருக்கிறார். இதில் எது மரபு, எது புதுமை என்று பிரித்துக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு நாளைக்கு நாடகம் இருந்தது.

அவர் 1922இல் மறைந்தார். கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நிலைத்தது ஸ்பெஷல் நாடகம். அங்கேதான் பெட்டியின் உண்மையான வாழ்க்கை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குகிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. முருகனும் வள்ளியும் முதன்முதலில் சந்தித்துக்கொள்வது அன்றைய மேடையிலேயே என்றாலும் ஆச்சரியமில்லை. அந்நியர்களான இவர்களைச் சேர்த்துக் கட்டுவது இரண்டு: சுவாமிகளின் பாட்டு, பெட்டிக்காரரின் காது. வள்ளிக்கு இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா, நாரதர் எந்த இடத்தில் ராகத்தை இழுப்பார், பபூன் எப்போது சினிமாப் பாட்டுக்குத் தாவுவார் எல்லாம் அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நடிகர் வசனத்தில் வழி தவறினால் அடுத்த பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்துக் காட்டுவார். பாதி வரியை நடிகர் விட்டால் மீதியைப் பின்பாட்டாக எடுப்பார். தர்க்கத்தில் இரண்டு பக்கமும் சீண்டிவிடுவதும் அவர்தான். செங்கோட்டை கிட்டப்பா மேடையில் பறந்த நாட்களில் பெட்டியில் உட்கார்ந்தவர் அவர் சகோதரர் காசி ஐயர். கே.பி. சுந்தராம்பாளின் உச்சக் குரலும் இந்த மேடையில் வளர்ந்ததுதான். ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் பெட்டியைப் போல் உரத்துப் பேசும் துணை தேவைப்பட்டது.

கிராமம் அதை வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டிருந்தபோது நகரத்தில் அதற்கு எதிராக வழக்கு வலுத்துக்கொண்டிருந்தது. வழக்குத் தொடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். பாரதி. ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் பெட்டியைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். தமிழில் வசனகவிதை எழுதிப் பார்த்தவர், காவடிச்சிந்துக்கும் தெம்மாங்குக்கும் இலக்கியப் படி ஏற்றியவர், அவரே. அடுத்தவர் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி; சுதேசிக் காலத்திலேயே ஆர்மோனியம் இந்திய இசையைக் கெடுக்கிறது என்று எழுதினார். தாகூர் தம் ஆசிரமத்திலிருந்தே அதை விலக்கிவைத்தவர். ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டு மெட்டுக்கு வங்காளிச் சொல் எழுதியதில் அவருக்கு உறுத்தல் இருக்கவில்லை. வேடிக்கை, டில்லி வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபௌல்ட்ஸ். இங்கிலாந்தின் நவீன இசையமைப்பாளர்களில் ஒருவர். 1938இல் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதினார்; 1939இல் கல்கத்தாவில் காலராவில் இறந்துபோனார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி பெட்டியை விலக்கியது. விலக்கு தளர 1971 ஆயிற்று.

பழமையின் காவலர்கள் என்று இவர்களில் ஒருவரையும் சொல்ல முடியாது. எல்லோரும் புதுமைக்காரர்கள். அவர்கள் சொன்ன இசைக் காரணத்தில் நியாயமும் உண்டு. பெட்டியில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே படிக்கட்டு; வழுக்கிப் போக இடமில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் அசைந்துகொண்டே நிற்க வேண்டும், பெட்டியிலோ அது ஆணியடித்த மாதிரி நிற்கும். வயலின் அப்படியில்லை. விரல் வழுக்கும், கமகம் வரும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். அதை வெளிநாட்டுச் சரக்கு என்று இன்று எந்த சபாவும் தள்ளுவதில்லை. அதே எட்டயபுரத்தில்தான் பாரதி பிறந்தார். சாயல்குடியிலிருந்து விளாத்திகுளம் வழியாகப் போனால் எட்டயபுரம். பெட்டியை வெறுத்தவரும் பெட்டிக்கு எழுதியவரும் ஒரே பழைய திருநெல்வேலிச் சீமையின் பிள்ளைகள்.

ஆனால் கமகம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் வழக்கில் இத்தனை கோபம் இருந்திருக்காது. கலப்பு என்ற சொல்லில்தான் எரிச்சல் இருந்தது. அந்நிய ஆட்சியில் தன்னைத் தேடும் படித்தவனுக்குக் கலப்பில்லாத ஒரு பழமை வேண்டியிருந்தது. நாயனக்காரர் வீட்டிலோ தேவதாசி வீட்டிலோ அவன் அதைக் கேட்டு வளர்ந்தவனில்லை. எனவே ஏட்டில் தேடினான், கல்வெட்டில் தேடினான். பக்கத்துத் தெருவில் கூத்தாடிக்கொண்டிருந்த பார்சி மெட்டு அந்தத் தேடலுக்கு அசிங்கமான இடைஞ்சல்.

இதற்குள் பெட்டி வேறொரு வழியாகப் பழிவாங்கிவிட்டது. கர்நாடக வித்துவானிடம் உங்கள் சுருதி என்ன என்று கேளுங்கள். ஒன்றரைக் கட்டை என்பார். பாடகி ஐந்து என்பார், ஐந்தரை என்பார். கட்டை என்றால் என்ன? ஆர்மோனியத்தின் வெள்ளைச் சாவி. முதல் வெள்ளை ஒரு கட்டை. அடுத்து வரும் கறுப்பு ஒன்றரை. அடுத்த வெள்ளை இரண்டு. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் மூன்றுக்குப் பிறகு நாலு வந்துவிடும், நடுவில் கறுப்புச் சாவி இல்லை. அதனால்தான் மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று எந்த வித்துவானும் சொல்வதில்லை. மேடையில் இடம் கொடுக்காத கருவியின் பற்களை எண்ணித்தான் தன் குரலை அளந்துகொண்டிருக்கிறது சாஸ்திரிய சங்கீதம். இன்னொன்று: கச்சேரியிலும் நாகஸ்வரத்துக்கும் சுருதி போட்ட துருத்திப் பெட்டி என்பது வேறென்ன? சாவிகளைப் பிடுங்கிவிட்ட ஆர்மோனியம். பேசுவதை நிறுத்திக்கொண்டு ‘ம்ம்’ மட்டும் போடச் சம்மதித்ததும் சபாவுக்குள் அனுமதி கிடைத்துவிட்டது.

நாடகத்தில் நடந்தது இதைவிட வருத்தமான கதை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் பாட்டைக் குறைத்து வசனத்தை வளர்த்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கௌரவமாக நடிக்கலாம் என்று காட்டினார். கூத்தாடி கையிலிருந்து நாடகம் படித்தவர் கைக்கு வந்தது. பெட்டி கிராமத்தோடு தங்கியது. பிறகு 1960கள், 70கள். ‘எழுத்து’ பத்திரிகையில் கதை எழுதிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, தமிழனுக்கென்று ஒரு அரங்க மொழி இங்கே இருக்கிறதே என்று மலைத்துப்போனார். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறந்தது. அதே ஆண்டு காந்திகிராமத்தில் சே. ராமானுஜம் முன்நின்ற நாடகப் பட்டறை. கூத்து, தோல்பாவை, பறை, களரி என்று தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம். கூத்துக் கலைஞனுக்கு நகரத்தில் மரியாதை கிடைத்ததில் அவர்கள் பங்கு பெரியது.

ஆனால் அந்தத் தேடலில் சங்கரதாஸ் சுவாமிகளின் மேடைக்குப் பின்வரிசைதான் கிடைத்தது. கூத்து போதுமான அளவு பழையது, போதுமான அளவு ‘நம்முடையது’. ஸ்பெஷல் நாடகம் நேற்றையது, பார்சி வாடை அடிப்பது, ஜிகினா ஒட்டியது, பபூன் பச்சையாகப் பேசுவது. பாட்டன் வீட்டைத் தேடிப் போன பிள்ளை, திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பனைக் கவனிக்கவில்லை. இலக்கியத்திலும் இதே கதைதான். புதுக்கவிதைக்குச் சங்கப் பாடலைச் சாட்சிக்கு அழைத்தோம். இடையில் இருந்த, சந்தையில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டையும் நாடகப் பாட்டையும் சாட்சியாகக்கூடச் சேர்க்கவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர்தான். ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு ஊர் ஊராகப் போய்ப் பழகி முழு நூல் எழுதியவர் அமெரிக்காவிலிருந்து வந்த மானுடவியலாளர் சூசன் சீசர்; அது 2005இல் வந்தது. பெயரும் நூலும் கிடைத்துவிட்டன. நவீன நாடக விழா ஒன்றில் முழு ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு, மறைக்கவில்லை. பெட்டியைக் கேலி செய்தவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நானும் வளர்ந்தேன். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பெட்டியோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிக்கொண்டு போனார், தம்பி இளையராஜாவும் அந்தப் பெட்டி வழியாகவே வந்தார் என்பது தெரிந்த பிறகும், ‘தூய’ இசை என்றால் அதில் பெட்டி இருக்கக் கூடாது என்றே நம்பினேன். கடலாடியில் அந்த இரவுதான் நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெரியவர் முருகன் காலம் என்றது ஆண்டுக் கணக்கில் தப்பு. பெட்டியை அந்நியம் என்ற எங்கள் கணக்கும் தப்பு. இரண்டு தப்பில் அவருடையதையே நான் எடுத்துக்கொள்வேன். அவர் தப்பினால் யாருக்கும் பிழைப்பு போகவில்லை.

நாடகம் விடிய ஐந்து மணிக்கு முடிந்தது. முருகன் வேஷம் கலைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் துருத்தியை மடக்கிக் கொக்கி மாட்டினார். பக்கத்தில் ஒரு பையன் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். “இப்பல்லாம் ரெண்டும் வேணுங்கிறாங்க தம்பி” என்றார் பெட்டிக்காரர். பாட்டு மாறிவிட்டதா என்றேன். “பாட்டு சாமி எழுதுனதுதான்” என்றார்.

சாயல்குடி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடத்துநர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.