பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தில் கை வைக்கும் முன்...

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே ஜாடையில் இருக்கும். பலகைச் சுவர், நீளமான ஒரே மண்டபம், முன்னால் வராந்தா, மேலே தகரக் கூரை. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்தக் கடமையைத் தீர்க்கக் கட்டியவை என்பதால், நூலகம், கணினிக்கூடம், அறிவியல் அறை எதற்கும் அவற்றில் இடம் விடப்படவில்லை. இன்று பெற்றோர் இவற்றோடு பாலர் பள்ளியும் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே.

கட்டடக் குழு அமைந்ததும் பலர் முதலில் வரைபடத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது நிலப்பட்டா. நாட்டில் உள்ள சுமார் 530 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. நிலமோ தோட்ட நிறுவனத்துடையதாகவோ தனியாருடையதாகவோ இருக்கும். நிலத்தோடு நிலையாக ஒட்டி நிற்கும் கட்டடம் நிலத்தைச் சேர்ந்தது என்பதே 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் அடிப்படை. பொதுமக்கள் கொடுத்த பணத்தில் எழுப்பிய இணைக்கட்டடமும், தோட்டம் கைமாறும்போது புதிய முதலாளியின் நிலத்தில்தான் நிற்கும். ஆகவே பள்ளிக்கூட நிலத்தைப் பிரித்துத் தனிப்பட்டா பெற முயல வேண்டும். முடியாவிட்டால் நீண்டகாலக் குத்தகையாவது தேவை. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். தோட்ட மேனேஜர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிப்பது ஆபத்து. அந்த மேனேஜர் மாறினால் கடிதத்தை மதிக்க ஆள் இருக்காது.

அடுத்த கேள்வி கொஞ்சம் கசப்பானது: படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்களா? 150 பேருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி; 30க்கும் கீழே போனால் வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் நிலை வரும். தோட்டம் காலியாகி, லயத்து வீடுகள் இடிபட்ட இடத்தில் மூன்று மாடி எழுப்புவதில் பொருளில்லை. அங்கே பள்ளி உரிமத்தை, பிள்ளைகள் குடியேறிய பட்டணத்துக்கு மாற்றக் கேட்பதே சரி. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பெயர்ப்பலகை நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் தோட்டம் எங்கே என்று தேடுவார்கள். பெயரில் மட்டும் தோட்டம் மிஞ்சிய பள்ளிகள் இப்படி இன்னும் உண்டு.

பிள்ளைகளும் இருக்கிறார்கள், நிலமும் உறுதி என்றால் கட்டடத்துக்கு வருவோம். பழையது என்றாலே இடி என்பது அவசரம். உயர்ந்த கூரை, எதிரெதிர் சன்னல்கள், வெயில் படாத வராந்தா, இவை நம் நாட்டு வெக்கைக்கு ஏற்றவை. நல்ல தூண்களையும் உத்தரங்களையும் வைத்துக்கொண்டு, புது வகுப்பறைகளைப் பின்னால் தனிக் கட்டடமாக இணைப்பது பல இடங்களில் ஒத்துவரும். கறையான் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். சாயம் பூசி மறைத்த தூணைத் தட்டிப் பார்த்தால் உள்ளே கூடாக இருக்கும். பழைய செங்கல் சுவரில் சுண்ணாம்புக் காரை இருந்தால் அதன் மேல் சிமெண்டு பூசாதீர்கள். சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பெயர்ந்து விழும். கூரையிலோ உட்கூரையிலோ அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் கூட்டுப்பணிக்கு வந்த பெற்றோரைக் கொண்டு உடைக்கவே கூடாது. அதன் தூசு நுரையீரலைப் பாதிக்கும். பழக்கமுள்ள குத்தகையாளர், பிள்ளைகள் இல்லாத விடுமுறையில் கழற்ற வேண்டும்.

மின்சாரமும் கவனத்துக்குரியது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட பழைய வயரிங், 20 கணினிகளையும் குளிர்சாதனத்தையும் தாங்காது. தெனாகாவிடம் கூடுதல் மின்சுமைக்கு விண்ணப்பிக்கும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி உயர்த்திய பள்ளிக்கு 36 அடி! இடத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

வரைபடத்துக்கு ஊராட்சி மன்றம், பொம்பா, கல்வி இலாகா ஆகியவற்றின் ஒப்புதல் தேவை. ஜார்ஜ்டவுன், மலாக்கா போன்ற பாரம்பரிய வட்டாரங்களில் முகப்பை மாற்றவும் தனி அனுமதி கேட்பார்கள். நன்கொடை திரட்டும்போது வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்றிருந்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். பெரிய தொகை தருபவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

கூரையில் கை வைப்பதற்கு முன்பே பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் அலையும் பெரியவர்கள் சிலருக்கு, இந்த மண்ணில்தான் வளர்ந்தோம் என்று காட்ட அந்த ஒரு வரிப் பெயர்ப்பதிவே மிச்சமிருக்கும்.