பெயரைப் பறிகொடுத்த புகழ்

ஒரு பொருளைப் புதிதாகக் கண்டவர் அதற்குப் பெயர் சூட்டுகிறார்; அப்பெயர் நாடெங்கும் பரவக் கண்டு மகிழ்கிறார். ஆயின், அவ்வாறு பரவியதே அப்பெயரை அவரிடமிருந்து பறித்துவிடவும் கூடும். ‘லினோலியம்’ என்னும் தரைவிரிப்பின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எண்ணெய் வண்ணம் பூசிய கித்தான் விரிப்புகளே பிரிட்டனில் பல இல்லங்களின் தரையை மூடின. 1844-ஆம் ஆண்டில் ரப்பரும் தக்கைத்தூளும் கலந்து செய்த ‘காம்ப்டுலிக்கன்’ என்னும் விரிப்புத் தோன்றியது. ஆனால் ரப்பரோ விலை மிக்கது. அதற்கு மாற்றுக் கண்டவர் பிரெடெரிக் வால்டன் (1834–1928) என்னும் ஆங்கிலேயர்.

வண்ணக் கலம் ஒன்றில் ஆளிவிதை எண்ணெய், பாலாடை போலப் படிந்து உறைந்திருந்ததை அவர் கண்டார். காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிய அவ்வாடை, ரப்பரைப் போல வளைந்து கொடுத்தது. பிறர் வழித்தெறியும் அவ்வாடையையே அவர் மூலப்பொருளாகக் கொண்டார். 1863-இல் காப்புரிமை கோரினார்; 1864-இல் லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸ் என்னுமிடத்தில் தொழிற்சாலை எழுந்தது. இலத்தீன் மொழியில் ‘லினம்’ என்பது ஆளிச்செடி. ‘ஓலியம்’ என்பது எண்ணெய். இரண்டும் இணைந்து லினோலியம் ஆயிற்று.

அதனைச் செய்யும் முறை பொறுமையை வேண்டுவது. வெப்பமூட்டிய உயர்ந்த கூடங்களில் மெல்லிய துணிகளைத் தொங்கவிட்டு, அவற்றின்மீது எண்ணெயை மீண்டும் மீண்டும் வழியவிடுவர். ஒரு படலம் இறுகியபின் மறு படலம் என வாரக்கணக்கில் அது தடித்து வளரும். பின்னர் அதனைப் பிசினுடன் சேர்த்து உருக்கி, தக்கைத்தூள், மரத்தூள், வண்ணப் பொடி ஆகியவற்றுடன் பிசைந்து, சணல் கித்தானின்மேல் உருளைகளால் அழுத்திப் பரப்புவர். அதன்பின்னும் உலர்த்தும் கூடங்களில் நெடுநாள் தொங்கவேண்டும். இத்தொழிலில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. வங்கத்துச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளில் கித்தானாயிற்று. இந்திய ஆளிவிதையும் பிரிட்டனுக்குக் கப்பலேறியது.

ஸ்டெயின்ஸ் தொழிற்சாலை தொடக்கத்தில் ஐந்தாண்டுகள் நட்டத்தில் நடந்தது. பின்னரே விற்பனை பெருகியது. காப்புரிமைக் காலம் முடிந்த 1877-இல், ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டி நகரில் வண்ணக் கித்தான் செய்துவந்த நெய்ர்ன் நிறுவனம் தானும் லினோலியம் செய்யத் தொடங்கியது. அப்பெயரிலேயே விற்கவும் முற்பட்டது. வால்டனின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1878-இல் தீர்ப்பு வந்தது. அப்பொருளைக் குறிக்க மக்களிடம் வேறு சொல்லே இல்லை. ஆகவே லினோலியம் என்பது ஒரு நிறுவனத்தின் முத்திரையன்று, பொருளின் பெயரே என நீதிபதி ஃப்ரை முடிவு செய்தார். காப்புரிமையோடு பெயருரிமையும் போயிற்று. வால்டனின் பொருள் புகழ் பெறாதிருந்தால், ஒருவேளை பெயரேனும் எஞ்சியிருக்கும்!

அப்பெயர் கலைக்கூடத்திலும் புகுந்தது. மிருதுவான லினோலியத்தைச் செதுக்கி அச்சிடும் படத்தை ‘லினோகட்’ என்பர். 1930-இல் தண்டி யாத்திரையை முன்னிட்டு நந்தலால் போஸ் ஆக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் படம் அவ்வகையதே.

1950-களுக்குப் பின் மலிவான வினைல் விரிப்புகள் பெருகி, லினோலியத்தைப் பின்னுக்குத் தள்ளின. கிர்க்கால்டியில் இன்றும் அது செய்யப்படுகிறது. இயற்கைப் பொருள்களால் ஆனதென்று அதனை விரும்பி வாங்குவோரும் உளர். எனினும் ஆளிவிதை எண்ணெய் ஒரு துளியும் கலவாத வினைலையே லினோலியம் என்று அழைப்போர் பலர். அன்று பெயர் உரியவரை விட்டு நீங்கியது. இன்று உரிய பொருளையும் விட்டு நீங்கிவிட்டது. நாவில் ஏறிய சொல்லுக்கு மக்களே உரிமையாளர். வழக்குமன்றம் அதனை எழுதி உறுதி செய்தது, அவ்வளவே.